பத்து நாள் சாவகாசம்

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஆறு. நாலு என் வயிற்றில் பிறந்தவை. இரண்டு, என் நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டுக்கு வந்தவை. ஆறு பேருக்கும் ஒரே சட்டிச் சோறுதான், ஒரே அடிதான். இன்றைக்கும் ஆறு பேரில் யார் எங்கள் தெருவுக்குள் வந்தாலும் முதலில் என் வாசலில்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருக்கிறது.

படிப்பு என்று பார்த்தால் பஸ் போர்டு வாசிப்பேன். ரேஷன் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். காலேஜ் போகிற பெண். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் மதிப்பாக இருக்காது என்று புத்தகத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

விஷயம் பாரிவாக்கத்தில் எழும்பிய ஒரு அடுக்குமாடியைப் பற்றியது. அங்கே நான் தண்ணீர் ஊற்றினேன். முப்பது வருஷத்துக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் மண்ணூர்பேட்டைப் பக்கமும் எத்தனையோ ஷெட்டுக்கு என் தலை மேல்தான் கலவை ஏறியிருக்கிறது. முட்டி தேய்ந்த பிறகு சட்டி தூக்க முடியவில்லை. ஆனால் வீட்டில் உட்காரவும் முடியவில்லை. காங்கிரீட் போட்ட தளத்தின் மேல் சிமெண்டுக் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, அதில் தண்ணீர் நிறுத்தி, வெயிலில் காய்ந்து போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் நிற்கிற மாதிரி இருக்கும்.

அதே சைட்டில் என் பெரிய மகன் சென்ட்ரிங் மேஸ்திரி. பலகை அடித்து, கீழே இரும்பு முட்டுக் கொடுத்து, காங்கிரீட் இறுகிய பிறகு முட்டைக் கழற்றுவது அவன் ஆட்கள் வேலை. என் கடைசி மகள் என்ஜினீயர். எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற என்ஜினீயர். கம்பெனி அவளை அந்த சைட்டுக்கு அனுப்பியது தற்செயல். முதல் நாள் தலையில் மஞ்சள் தொப்பியோடு வந்தவள், எல்லார் எதிரிலும் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். கையில் ரப்பர் குழாயோடு நின்றேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது சொன்னாலும் குறையவில்லை.

சைட் ஆபீஸ் தகரக் கொட்டகைதான். உள்ளே ஏசி. சுவர் நீளத்துக்கு ஒரு சார்ட் ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. சில பட்டை பச்சை, சில பட்டை சிவப்பு. எனக்கு அது புடவைக்கடை மாதிரி இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன்.

"இன்னாடி அது, பச்சையும் செகப்புமா?"

"யம்மா, நீ எங்க ஆறு பேரையும் ஸ்கூலுக்கு அனுப்புனியே, அத்த நெனச்சிக்கோ. தண்ணி லாரி வந்தாத்தான் ஒல வெப்ப. அங்கேர்ந்து முன்னாடி எண்ணிகினு வா. சோறு எப்ப வேகும்?"

சொன்னேன்.

"இப்ப ஸ்கூல் மணியிலேர்ந்து பின்னாடி எண்ணிகினு வா. சோறு எப்பக்குள்ள வெந்தாவணும்?"

அதையும் சொன்னேன்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வருதில்ல? அதான் ஃப்ளோட். அவ்ளோ நேரம் தள்ளிப்போனாலும் மணி அடிக்கிறதுக்குள்ள போயிடலாம். அந்த மாதிரி இடைவெளி இருந்தா பச்சை. இடைவெளியே இல்லன்னா செகப்பு. செகப்புல ஒரு நாள் போச்சின்னா, கடைசி நாளும் ஒரு நாள் போச்சி."

எங்கள் பேச்சில் அதற்குச் சாவகாசம் என்று சொல்லலாம். நான் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அவள் இன்னொன்றும் சொன்னாள். அதுதான் முக்கியம். சாவகாசத்தில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று, உனக்கே உனக்கானது. ரிப்பனை இஸ்திரி போடுகிற மாதிரி. அதை முன்னே செய்தாலும் பின்னே செய்தாலும் அடுத்தவனுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, வரிசைக்கே பொதுவானது. ஒரே குளியலறை, ஆறு பிள்ளைகள். மணி அடிப்பதற்கு முன் இருக்கிற சாவகாசம் ஆறு பேருக்கும் சேர்த்து. முதலில் போனவன் உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு நின்றால் மற்ற ஐந்து பேருடையதையும் அவனே தின்றுவிட்டான். கடைசியில் நிற்கிறது தலைகூடத் துவட்டாமல் ஓடும். எங்கள் வீட்டில் அப்படி ஓடியது அவள்தான். அதைச் சொல்லிச் சிரித்தாள்.

"இந்தா, இது நீ," என்று போனில் எடுத்து வைத்திருந்த சார்ட்டில் ஒரு பட்டையைக் காட்டினாள். நல்ல சிவப்பு. "தண்ணி ஊத்திகினு காத்துகினு இருக்கறது. கீழ்த்தளத்துல பெரிய ஹால் வருது இல்ல? நடுவுல தூணே இல்ல. பீம் நீளம். மூணு வாரம் முட்ட அசைக்கக்கூடாது. அந்த மூணு வாரமும் நீதான்."

சிவப்பாக இருப்பது பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

ப்ராஜெக்ட் மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். தெற்கத்திக்காரர். நாற்பது வயது இருக்கும். நல்ல மனுஷன் என்றுதான் எல்லாரும் சொல்வோம். கத்த மாட்டார். யாரையும் மரியாதை இல்லாமல் பேச மாட்டார். ஒவ்வொரு மேஸ்திரியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, சார்ட்டைப் பார்த்து, "உங்களுக்குப் பத்து நாள் இருக்கு, டென்ஷன் இல்லாம பண்ணுங்க," என்பார். பலகை அடிக்கிற என் மகனிடம் சொன்னார். கம்பி கட்டுகிறவர்களிடம் சொன்னார். தளத்துக்குள் கரண்டு பைப் போடுகிறவர்களிடமும் சொன்னார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. சார்ட்டில் மூன்று பட்டைக்கு எதிரிலும், காங்கிரீட் வண்டிக்குக் குறித்த நாளுக்கு முன் பத்து நாள் என்றுதான் போட்டிருந்தது. மூன்று இடத்தில் எழுதியிருந்தாலும் அது ஒரே பத்து என்பதைத்தான் சொல்லவில்லை.

அப்போது ஆடி பிறந்தது.

எங்கள் பக்கத்தில் ஆடிக் கூழ் எல்லாத் தெருவிலும் ஒரே நாளில் ஊற்றுவதில்லை. ஒவ்வொரு தெரு அம்மனுக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை. காப்புக் கட்டுவதிலிருந்து மைக்செட் இறக்குவதுவரை ஆண் பிள்ளைகள் வேலைக்குப் போக மாட்டார்கள். எங்கள் தெருவுக்கு முதல் ஞாயிறு. என் மகன் விழாக் கமிட்டியில் முன்னால் நிற்கிறவன். அவன் ஆட்களும் எங்கள் தெருக்காரர்கள்தான். பலகை பாதியில் நிற்க, பத்து நாள் எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வந்து பலகை முடித்தார்கள். அதற்கு மேல் கம்பி கட்டுகிறவர்கள் வர வேண்டும். அவர்கள் மாங்காட்டுப் பக்கம். அவர்கள் தெருவுக்கு மூன்றாவது ஞாயிறு. அவர்களும் தங்கள் பத்து நாளை எடுத்துக்கொண்டார்கள். கம்பி முடிந்தால் பைப்புக்காரர்கள். அவர்கள் பூந்தமல்லி. அவர்கள் அம்மனுக்கு ஆடிக் கடைசி.

என் மகள் இரண்டாவது கூழின்போதே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். நான் ஆபீஸ் வாசலில் குடத்தில் குடிதண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

"சார், அந்தப் பத்து நாள் ஏற்கெனவே முடிஞ்சிடுச்சு. இவங்க இப்ப எடுக்கறது இல்லாத நாள்."

"அம்மனுக்குக் கூழ் ஊத்தாதீங்கன்னு நான் சொல்ல முடியுமா மேடம்? கண்ணைக் குத்திடும்," என்று அவர் சிரித்தார்.

அவளும் சிரிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னாள். எல்லாத் தெருவும் ஒரே ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றியிருந்தால், எல்லாரும் ஒன்றாக லீவு எடுத்து, அந்தப் பத்து நாளோடு போயிருக்கும். ஒருவர் பின் ஒருவராக எடுத்ததால் மூன்று மடங்கு போயிற்று. எங்கள் அம்மன்களுக்குள் அப்படி ஒரு ஒழுங்கு. மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் இது நடந்தே இருக்காது.

காங்கிரீட் போட்டபோது ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது. எல்லாருக்கும் சந்தோஷம். பம்ப் வண்டி வந்து ஒரே நாளில் தளத்தை நிரப்பியது. அடுத்த நாள் நான் பாத்தி கட்டி ஏறி நின்றேன். வெயில் சுட்டது. தண்ணீர் தகடு மாதிரி நின்றது. மேலே இருந்து பார்த்தால் ஏரி தெரியும், தூரத்தில் ஆவடி ரோட்டில் போகிற பஸ் தெரியும். கீழே ஹால் முழுக்க முட்டு. சவுக்குத் தோப்பு மாதிரி நெருக்கம், இருட்டு.

ஆனால் ஹாலைத் திறக்கிற நாளை முதலாளி முன்பே குறித்துவிட்டார். ஆவணியில் வருகிற முகூர்த்தம். பத்திரிகை அடித்து, தங்க எழுத்துப் போட்டு, பெரிய மனிதர்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. முட்டைக் கழற்றினால்தான் கீழே டைல்ஸ் போட முடியும், மேலே சீலிங் அடிக்க முடியும். என் மகள் அந்த முகூர்த்தத்திலிருந்து பின்னால் எண்ணிப் பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

"இன்னாடி?"

"மைனஸ்ல கீதும்மா."

"அப்டின்னா?"

"இன்னும் லேட் ஆவலம்மா. ஆனா ஆயிடுச்சி. இனிமே எல்லாரும் ஒழுங்கா செஞ்சாலும் ஆயிடுச்சி. அந்த நாளுக்கு முடிக்கணும்னா எவனாவது ஒருத்தன் வேலைய வெட்டணும்."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. நடக்காத ஒன்று நடந்து முடிந்துவிட்டது என்று ஒரு காகிதம் சொல்கிறது. அதற்கு மேல் நாங்கள் எழுந்து பல் விளக்கி வேலைக்குப் போகிறோம்.

யாருடைய பட்டையை வெட்டுவது? டைல்ஸ்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். சீலிங்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். பட்டைக்குப் பட்டை ஒரு மேஸ்திரி நிற்கிறான், சண்டைக்கு வருவான். மேனேஜர் சார்ட்டின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே வந்து என் பட்டையில் நிறுத்தினார். அதில்தான் ஆளே இல்லை. ஒரு கிழவி, ஒரு குழாய்.

"இங்கதான் ஒண்ணும் நடக்கலையே மேடம். தண்ணிதானே ஊத்துறாங்க. இதுல பாதி போதும்."

"சார், நடக்கறது உள்ளே. அதை நாம வேகப்படுத்த முடியாது."

"சிமெண்ட் இப்ப நல்ல சிமெண்ட்," என்றார் அவர். என் மகனைக் கூப்பிட்டார். டீ வந்தது. "உங்க ஆளுங்கதான் முதல்ல பத்து நாள் எடுத்தீங்க மேஸ்திரி. நான் ஒரு வார்த்தை கேக்கல. இப்ப நீங்க எனக்கு ஒண்ணு பண்ணுங்க." பாதி நாளிலேயே முட்டைக் கழற்றுவதாக அவன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று பெயர் எடுத்தவன். அந்தப் பெயரை அவனுக்கு நான்தான் சின்ன வயதிலிருந்து ஊட்டினேன்.

அன்று வீட்டில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். என் மருமகள் சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அண்ணா, வேணாம். பீம் இன்னும் பலம் புடிக்கல."

"பாப்பா, நீ பேப்பர்ல பாக்குற. நான் கைல தட்டிப் பாக்குறேன். கணீர்னு கீது."

"மேல தட்டுனா கணீர்னுதான் இருக்கும். உள்ள?"

"இன்னாமே, நீ உள்ள பூந்து பாத்தியா?"

"நீ கீழ பூருவ இல்ல? அதச் சொல்றேன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நான்தானே மொதல்ல பத்து நாள் எட்த்தேன். வாக்கு குட்த்துட்டேன்."

"அது உன்னுது இல்லண்ணா. எல்லார்துமா சேத்து இருந்தது."

"அப்பறம் ஏன் என்னுதுன்னு சொன்னாரு?"

"எல்லார்கிட்டயும்தான் சொன்னாரு."

"அப்ப அவர்கிட்ட போய் சண்ட போடு. எங்கிட்ட வந்துட்டா, படிச்சவ," என்று எழுந்து கை கழுவிவிட்டான். அவள் முகம் சின்னதாகிப் போயிற்று. நான் இரண்டு பேரையும் வளர்த்தவள். யார் பக்கமும் பேசவில்லை. அவன் ஆட்கள் ஐந்தாறு பேரோடு அந்த இருட்டுக்குள் நடுவில் நிற்பான், கடப்பாறையால் ஆப்பைத் தட்டுவான் என்பது மட்டும் கண் முன்னால் வந்து வந்து போயிற்று.

இன்னும் ஒன்று நடந்தது. மேல் மாடிச் சுவருக்கான கல்லை, கீழே வைக்க இடமில்லை என்று, தளத்தின் மேல் ஏற்றி அடுக்கினார்கள். நேரம் மிச்சம் என்றார்கள். என் பாத்தியில் பாதியை உடைத்துக் கல்லுக்கு இடம் கொடுத்தேன். நடுவில் ஆள் உயரத்துக்கு அடுக்கு எழுந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் விட்டேன்.

முட்டுக் கழற்றுகிற நாளன்று என் மகளை மீட்டிங் என்று ஹெட் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். போகும்போது என்னிடம், "யம்மா, நீ மேல இருக்காத. கீழயும் இருக்காத. கேட்டாண்ட போய் ஒக்காரு," என்றாள். சரி என்றேன். போகவில்லை. வேலை நேரத்தில் கேட்டில் போய் உட்காருகிறவள் இல்லை நான்.

காலை வெயில் ஏறியிருந்தது. கீழே கடப்பாறைச் சத்தம் தொடங்கியது. டங், டங் என்று ஓரமாக. முட்டுக் கீழே விழுந்து தரையில் உருளும் சத்தம். நான் குழாயை ஒரு பாத்தியில் போட்டுவிட்டு நின்றேன். சத்தம் ஓரத்திலிருந்து உள்ளே நகர்ந்தது. அப்போது பார்த்தேன். ஓரப் பாத்தியில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. விளிம்புப் பக்கம் காங்கிரீட் ஈரமாகத் தெரிய ஆரம்பித்தது, பிறகு வெளுத்தது. கல் அடுக்கின் பக்கம் இருந்த பாத்தியில் தண்ணீர் வரப்பு மேல் ஏறி, மெதுவாக, சத்தமே இல்லாமல் வழிந்தது. அத்தனை நாள் தகடு மாதிரி நின்ற தண்ணீர். அதை ஒருவரும் சாய்க்கவில்லை. தளம்தான் சாய்கிறது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கைப்பிடி இல்லாத படி. கீழே ஹாலில் பாதி முட்டு படுத்துக் கிடந்தது. மீதி நின்றது. என் மகன் நடுவில் நின்று அடுத்த ஆப்பைத் தட்டக் கையை ஓங்கியிருந்தான்.

"யம்மா, இங்க இன்னா பண்ற? வெளிய போ."

"நைனா, மேல தண்ணி நடுவாண்ட ஓடுது."

"தண்ணின்னா ஓடத்தான் செய்யும்."

"ஓரம் காஞ்சிப் போச்சி. நடுவுல வழியுது."

அவன் ஆள் ஒருவன், "ஆயாவுக்கு வெயில் தலைக்கேறிச்சு மாமே. கூல்டிரிங்ஸ் வாங்கியா," என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஒரு கலவைச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஹாலுக்கு நட்ட நடுவில், கல் அடுக்குக்கு நேர் கீழே, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இப்ப தட்டு," என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் ஓடி வந்தார். உள்ளே வரவில்லை. வாசல் பக்கமே நின்றார். அதை நான் கவனித்தேன். "பாட்டிம்மா, இதெல்லாம் டெக்னிக்கல். வயசான காலத்துல நீங்க ஏன் இங்க? வாங்க, டீ சாப்பிடலாம்," என்றார்.

"எனக்கு வயசு ஆயிடுச்சி சார். இதுக்குத்தான் இன்னும் ஆவல. நீங்க இங்க வாங்க. எம் பக்கத்துல ஒக்காந்துகினு சொல்லுங்க."

அவர் வரவில்லை.

என் மகன் என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனான். அவன் வருவதற்குள் மேலே எங்கேயோ, எலும்பில் சுளுக்கு எடுக்கிற மாதிரி, ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு தரம். எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் கேட்டேன் என்று சொல்லவில்லை.

இறங்கி வந்தவன் முகத்தில் ரத்தம் இல்லை. "முட்ட திருப்பி நிறுத்துங்கடா. எல்லாத்தியும். திருகு ஏத்தி இறுக்குங்க. யம்மா, நீ எந்திரி," என்றான். கடைசி முட்டு ஏறுகிறவரை நான் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு கல்லை இறக்கினார்கள். மூன்று வாரமும் முட்டு நின்றது. முகூர்த்தத்தை வெளியே பந்தல் போட்டு நடத்தினார்கள். பெரிய மனிதர்கள் வந்தார்கள், ரோஜா மாலை, நாதஸ்வரம். ஹாலுக்குப் பட்டுத்துணி கட்டி மறைத்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக்கூட ஒரு புடவை கொடுத்தார்கள்.

ஆனால் முட்டின் திருகை ஏற்றியும் தளம் பழையபடி ஏறவில்லை. பாத்தியில் தண்ணீர் கடைசி நாள்வரை நடுவில்தான் நின்றது. முட்டு எடுத்தபோது என் மகள் டார்ச் அடித்து அந்த பீமை வெகுநேரம் பார்த்தாள். என்ன என்று கேட்டேன். மெல்லிசாக ஒரு கோடு என்றாள். எடை வைத்துச் சோதித்துப் பார்க்காமல் ஹாலைத் திறக்கக் கூடாது என்று கம்பெனிக்கு எழுதினாள். பதில் வரவில்லை. சீலிங் அடித்துக் கோட்டை மூடினார்கள். அவளை வேறு சைட்டுக்கு மாற்றினார்கள். அவள் வேலையை விட்டுவிட்டு, இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். அந்த ஹாலில் இன்றைக்கும் பலூன் கட்டிப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் நான் பார்க்க மாட்டேன். குழந்தைகள் ஆடுகிற சத்தம் கேட்டால் புடவைத் தலைப்பால் காதை மூடிக்கொள்கிறேன்.

விழாமல் நிற்கிறதே, அதுதான் எனக்குப் பயம். விழுந்திருந்தால் எல்லாரும் கற்றுக்கொண்டிருப்பார்கள். நின்றதால் வேறு ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த மேனேஜர் இப்போது ஆவடிப் பக்கம் ஒரு சைட் எடுத்திருக்கிறார். என் மகனைத்தான் முதலில் கூப்பிட்டார். எனக்கு வேண்டாம் என்றிருந்தது. "அந்த ஹாலு நிக்குது இல்லமா? சும்மா பயந்துக்குன," என்று சொல்லிவிட்டு அவன் போனான். தண்ணீர் வழிந்ததை அவன் கண்ணால் பார்த்தவன். அப்படியும் சொன்னான்.

போன வாரம் அந்த சைட்டின் சார்ட்டைப் போனில் எனக்குக் காட்டினான். பெருமையாக. "பாத்தியா, இங்க செகப்பே கெடையாது. எனக்கே பத்து நாள் சொல்லிகீறாரு." அதைப் பேத்தியின் போனுக்கு அனுப்ப வைத்து, அவன் வேலைக்குப் போன பிறகு என் மகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"செகப்பு இல்லாத சார்ட்டே இருக்க முடியாதும்மா. எங்கனா ஒரு வரிசை கடைசி நாளை இழுத்துப் புடிச்சிகினுதான் இருக்கும். இல்லன்னு காட்டுனா, எதையோ எட்த்துட்டாங்கன்னு அர்த்தம்." இன்னும் பார்த்தாள். "உன் பட்டை இல்லம்மா. காங்கிரீட்டுக்கு அடுத்த பட்டையே முட்டு எடுக்கறதுன்னு கீது. நடுவுல ஒண்ணும் இல்ல."

அவள் அவனுக்குப் போன் போட்டாள். எடுத்தான், கேட்டான், "ஆரம்பிச்சிட்டியா," என்று வைத்துவிட்டான். நான் சொன்னேன். உனக்கு வயதாகிவிட்டது என்றான். தண்ணீர் ஊற்ற அந்த சைட்டில் ஆள் போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். யோசித்தான். தெரியவில்லை என்றான்.

அங்கே தளம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாளைக்குக் காலையில் முட்டு எடுக்கிறார்கள்.

என் முட்டிக்கு இனி ஆவடி சைட்டில் போய் இறங்கி உட்கார முடியாது. படி ஏற முடியாது. கேட்டில் என்னை விடவும் மாட்டார்கள். அதனால்தான் இன்று மத்தியானம் முழுக்க இதைச் சொல்லி எழுத வைத்தேன். தங்கை சொன்னால் சண்டை என்கிறான், அம்மா சொன்னால் பயம் என்கிறான். அவன் பெற்ற மகள் நீ எழுதிப் படித்துக் காட்டினால் ஒரு வாய்ச் சோறு தின்கிற நேரமாவது இருந்து கேட்பான். அவன் கேட்க மாட்டேன் என்று எழுந்தாலும் நீ நிறுத்தக் கூடாது. வாசல் வரைக்கும் பின்னால் போய்ப் படி.

உங்கப்பன் வண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. விளக்கைப் போடு. தண்ணீர் நடுவுக்கு ஓடின இடத்தில் நான் சொன்னதைக் குறைத்து எழுதியிருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். எங்கே, முதலிலிருந்து எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டு.